இயல்பும் பிறழ்வும்

எம் ஊரில் ஒருவனுடைய போக்குப் பிடிக்கவில்லையெனின் அவனை ‘விசரன்’ என்று சொல்லி விடுகின்றோம். கொடுத்த கடனைத் திருப்பிக் கேளாதவனும் விசரன். சீதனம் வேண்டேன் என்று நின்றவனும் விசரன். நள்ளிரவிற் சந்தியில் நின்று கண்ணுக்குத் தோன்றாத ஒருவரோடு வாதாடுபவனும் விசரன். மூவர்க்கும் ஒரு சொல்லே போதியதாயிருக்கின்றது. இவருள் மூன்றாமவனுக்கு வைத்தியம் வேண்டும், முதலிருவர்க்கும் வேண்டுவதில்லை. இவ்வேறுபாட்டை எமக்கு உணர்த்தவல்லோர் உளநூலாரும் உளமருத்துவருமே என்று நம்பி அவர்பாற் செல்லுகின்றோம். அவர் கையிலுள்ள அளவுகோல் யாது என்று கேட்பதற்கும் எமக்கு உரிமை உண்டன்றோ?

பிறழ்நடத்தைக்கு உளநூற் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் நான்கு அடையாளங்கள் கூறும். சமூக வழக்கினின்று விலகுதல், உற்றவனுக்குத் துயர் விளைத்தல், அன்றாடக் கருமங்களைச் செய்யவொட்டாது தடுத்தல், தனக்கோ பிறர்க்கோ ஆபத்தாதல் என்பன அவை. இவற்றுள் எதுவும் தனித்து நில்லாது. பித்துக் களிப்பு என்னும் நோயுற்றவன் துயருறுவதில்லை; தன்னிலும் பாக்கியவான் இல்லையென்றே எண்ணுவான். உளநோயாளருட் பெரும்பாலார் எவர்க்கும் ஆபத்து விளைப்பவருமல்லர். ஆயினும் இந்நான்கினுள்ளும் மிகவும் ஐயத்திற்குரியது முதலாவதே. வழக்கு என்பது யாருடைய வழக்கு?

ஐக்கிய அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திற் சாமுவேல் காட்றைற் என்னும் வைத்தியர் 1851இல் ஒரு புதிய உளநோயைத் தாம் கண்டதாக வெளியிட்டார். கறுப்பின அடிமைகள் எசமானரை விட்டுத் தப்பியோடுவதே அந்நோய். கிரேக்கச் சொற்களைக் கூட்டி ‘டிறாப்பெற்றோமேனியா’ என அதற்கு நாமகரணமும் செய்தார். அவர் விதித்த சிகிச்சையிற் சவுக்கடியும் ஒன்று. இன்று இதனைக் கேட்டு நகைக்கின்றோம். ஆனால் அவர் கண்ட குறி பொய்யன்று. அடிமைகள் ஓடியது மெய். அச்சமூகத்தின் வழக்கினின்று அவர் விலகியதும் மெய். ஓட்டத்தை நோயென்றதே பொய். குறியைச் சரியாகக் காண்பவனும் அதன் பொருளைப் பிழையாகக் காணலாம் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று எனக்குத் தெரியாது.

பழங்கதை என்று இதனைத் தள்ளிவிடற்கில்லை. தன்பாலாரை விழைதலை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தனது நோய்வகுப்புக் கைந்நூலில் 1973ஆம் ஆண்டின் இறுதி வரை நோயாகவே வைத்திருந்தது. அவ்வாண்டு சங்கத்தின் ஆட்சிக்குழு அதனை நீக்கியது. மறுத்தோர் வாக்கெடுப்புக் கோரினர். 1974இல் வாக்களித்த உறுப்பினருள் நூற்றுக்கு 58 பேர் நீக்கத்தை ஆதரித்தனர். கை தூக்கித் தீர்மானிக்கப்படும் நோயும் உண்டோ என்று இகழ்வோர் இன்றும் உளர். அவ்விகழ்ச்சி பாதி நியாயமே. ஈரல் வீக்கம் உண்டா இல்லையா என்று எவரும் வாக்கெடுப்பதில்லை. மற்றைப் பாதியை அவர் மறந்து விடுகின்றனர். எவ்லின் ஹூக்கர் என்னும் உளவியல் அறிஞர் தன்பால் விழைவோர் முப்பதின்மரையும் ஏனையோர் முப்பதின்மரையும் உளச்சோதனைக்கு உட்படுத்தி, பெயரும் வகையும் மறைத்து, நிபுணர் மூவரிடம் விடைகளைக் கொடுத்தார். எவர் எவ்வகையினர் என்று அந்நிபுணரால் இனங்காண இயலவில்லை. அந்த ஆய்வு வெளிவந்தது 1957இல். வாக்கெடுப்புக்குப் பதினேழு ஆண்டுகள் முன்னர். சான்று முன்னே சென்றது. சங்கம் காலந்தாழ்த்திப் பின்னே சென்றது என்பதே என் தீர்ப்பு.

வரைவிலக்கணம் ஒருபுறமிருக்க, நோய்நிர்ணயம் மட்டும் உறுதியாயிருந்ததோ எனின், அதுவும் இல்லை. சிசோபிறேனியா எனப்படும் உளப்பிளவு நோய், லண்டனிலும் நியூயோர்க் நகரில் மிகுதி என்று வைத்தியசாலைக் கணக்குகள் காட்டின. ஆய்வாளர் இரு நகரங்களிலும் நோயாளரை ஒரே முறையில் வினாவிப் பார்த்தனர். வேறுபாட்டிற் பெரும்பகுதி மறைந்தொழிந்தது. நோயாளர் வேறுபடவில்லை, வைத்தியரே வேறுபட்டனர். இது 1972இல் நூலாய் வந்தது. அடுத்த ஆண்டு டேவிட் றோசன்கான் என்பார், நலமுள்ள எண்மர் குரல் கேட்பதாகப் பொய் கூறிப் பன்னிரண்டு வைத்தியசாலைகளுட் புகுந்து, பின் இயல்பாய் நடந்தும் வாரக்கணக்கில் உள்ளே வைக்கப்பட்டனர் என எழுதி உலகைத் திடுக்கிடச் செய்தார். இக்கதையைச் சொல்லி உளமருத்துவத்தை எள்ளுவோர், 2019இல் சுசானா கஹலன் வெளியிட்ட நூலையும் அறிதல் வேண்டும். றோசன்கானின் கணக்கிற் பல முரண்களை அந்நூல் வெளிப்படுத்தியது. பொய் நோயாளரைப் பற்றிய ஆய்வே பொய்யோ என்று ஐயுறும் நிலை வந்தது ஒரு வேடிக்கைதான்.

இக்குழப்பங்களின் பின், றொபேட் ஸ்பிற்சர் என்பார் தலைமையில் அமைந்த குழு, குறிகளை எண்ணிப் பார்க்கும் முறையை 1980இற் கைந்நூலிற் புகுத்தியது. மனச்சோர்வு நோயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது குறிகளுள் ஐந்தேனும் இரு வாரம் நிலைத்திருத்தல் வேண்டும். அவ்வைந்தினுள் மனவாட்டமோ, எதிலும் விருப்பற்றுப் போதலோ ஒன்று கட்டாயம் இருத்தல் வேண்டும். இதற்கு இரத்தப் பரிசோதனை இல்லை, கதிர்ப்படமும் இல்லை. கேட்டறிவதும் கண்டறிவதுமே வழி. ஐந்து என்பது ஏன் நான்காகாது என்பார்க்கு விடை கூறல் அரிது. எனினும் இரு வைத்தியர் ஒரே சொல்லை ஒரே பொருளில் வழங்க அது உதவியது. அவ்வுதவி சிறிதன்று.

எண்ணுங் கணக்கு எங்கே இடறுமெனின், துக்கத்திலே இடறும். அன்புடையாரை இழந்து நெடுங்காலம் மீளாத துக்கம் 2022இல் அமெரிக்கக் கைந்நூலில் ஒரு நோயாய் இடம்பெற்றது. வளர்ந்தோர்க்கு இறப்பின்பின் பன்னிரு மாதம் கழிதல் வேண்டும் என்பது விதி. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலோ ஆறு மாதம் போதும் என்கின்றது. எம் முன்னோரும் துக்கத்திற்கு நாட்கணக்கு வைத்தவரே. எட்டுச் செலவு, முப்பத்தொன்றில் அந்தியேட்டி, ஆண்டு நிறைவில் ஆட்டைத் திவசம் என்று படிப்படியாய் அழுகையை இறக்கி வைத்தனர். பன்னிரு மாதத்தில் இரு கணக்கும் ஒன்றுபடுவது வியப்பே. ஆனால் இரு கணக்கிற்கும் தொடக்கநாள் ஒன்று வேண்டும். 2009இல் முடிந்த போரிலே காணாமற்போன மகனுக்குத் திவசம் எந்நாளில்? 2017 முதற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்திற் படங்களை ஏந்தி அமர்ந்த தாய்மார்க்கு எந்நாளிலிருந்து மாதம் எண்ணுவது? அவர் உறங்குவதில்லை, உண்பதில்லை, மகன் வருவான் என்கின்றனர். குறிகளை மட்டும் எண்ணின் ஐந்துக்கு மேலும் தேறும். போலின் பொஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இதனைத் தெளிவிலா இழப்பு என்று பெயரிட்டு, பிறழ்வு அவர் நிலைமையிலுள்ளது, அவரிடத்திலன்று என்று வாதித்தார். யான் அவர் பக்கமே நிற்பேன். அதனால் அத்தாய்மார்க்கு வைத்தியரின் துணை வேண்டாவென்று சொன்னேனல்லேன். துணை வேண்டும், அவர்க்கு உரிய விடையின் இடத்தில் ஒரு நோய்ப்பெயர் வந்து அமர்தல் ஆகாது.

எம் நாட்டறிஞர் கணநாத் ஒபயசேகர 1985இல் எழுதிய கட்டுரையொன்று இங்கு நினைவிற்கு வருகின்றது. வாழ்வனைத்தும் நம்பிக்கைக்கிடமற்றது என்னும் எண்ணத்தை மேனாட்டார் மனச்சோர்வின் உயிர்நிலை என்பர். இலங்கையில் ஒருவன் அவ்வாறு சொல்லின் அவன் நோயாளியல்லன், நல்ல பௌத்தன் எனலாமே என்று அவர் கேட்டார். யாக்கை நிலையாமையைச் செத்தவீட்டிற் பாடக் கேட்டு வளர்ந்த சைவரும் அவ்வாறே கேட்கலாம். இறைவனையே பித்தனென்று போற்றிய மரபு எமது. ஆயின் இவ்வாதத்தை எல்லை கடந்து கொண்டு செல்வாருடன் யான் உடன்படேன். உண்ணாது உறங்காது கிணற்றடியை நோக்கி நடப்பவனைத் தத்துவஞானி என்று விட்டுவிடுதல் கொடுமை. தற்கொலைக்கு முயன்றவனைக் குற்றவாளியாக்கும் சட்டம் இந்நாட்டில் 1998இலேதான் நீங்கியது. அதுவரை அவன் வைத்தியரைக் காணுமுன் பொலிசாரைக் காண வேண்டியிருந்தது.

இவ்வளவும் எழுத எனக்கு என்ன தகுதி என்று வாசகர் கேட்கலாம். யான் உளநூலான் அல்லேன், கணித ஆசிரியன். இளமையில் யான் கற்பித்த ஒரு பாடசாலையில், நன்கு கணக்குச் செய்து வந்த மாணவன் ஒருவன் ஒரு தவணையில் முற்றும் மாறினான். வகுப்பிலே தூங்கினான், தோழரோடு எரிந்து விழுந்தான், விளையாட்டு மைதானத்தை எட்டியும் பார்த்திலன். தேர்ச்சி அறிக்கையில் யான் ‘சோம்பல், அடக்கமின்மை’ என எழுதிக் கையொப்பமிட்டேன். காட்றைற் எழுதியதற்கும் யான் எழுதியதற்கும் தூரம் அதிகமில்லை. அவர் நோயல்லாததை நோயென்றார், யான் நோயைக் குணமென்றேன். இளையோரிடத்து மனச்சோர்வு வாட்டமாயன்றிச் சினமாயும் தோன்றும் என்று அக்கைந்நூலே கூறுவதைப் பின்னாளிற் படித்தேன்.

எமது கல்லூரியின் இன்றைய ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். தேர்ச்சி அறிக்கையிற் குணப்பெயர்களை எழுதாதீர்கள், கண்டதை எழுதுங்கள். இன்ன திகதி முதல் வகுப்பில் உறங்குகின்றான், இன்ன கிழமை முதல் விளையாட வருவதில்லை என்று எழுதினால், பெற்றோர்க்கும் வைத்தியர்க்கும் பயன்படும். நோய்ப்பெயரை வைத்தியர் இடட்டும்.

அம்மாணவர் பல ஆண்டுகள் கழித்துச் சிகிச்சை பெற்று நலமானார். இன்று பேரப்பிள்ளை கண்டவர். சென்ற ஆண்டு ஒரு திருமண வீட்டிற் சந்தித்தபோது அந்த அறிக்கையைப் பற்றி யானே பேச்செடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டு, “அந்த நாளிலே எனக்கு இரவிலே நித்திரையே இல்லை, சேர். நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்” என்றார்.