மின்னூட்டமும் ஓர் அறமே

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி தென்மாநிலங்களுக்கெல்லாம் மின்சாரமாகின்றது. அதனை அடுத்திருக்கும் பீங்கான் நகராம் விருத்தாசலத்தில் வாழும் நாம், மின்னொளி நம்மை விட்டு நீங்காது என எண்ணியிருந்தோம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையைக் கடந்தது, மின்கம்பங்கள் சாய்ந்தன, கடலூர் மாவட்டத்தின் பெரும்பகுதி இருளில் மூழ்கிற்று. மின்சாரம் பிறக்கும் மாவட்டமாயினும் கம்பி அறுந்தால் இருளே கதி!

அத்தகைய நாள்களில் கைப்பேசி பொழுதுபோக்குப் பொருளன்று. வளைகுடாவிலிருக்கும் மகனுக்கு நலம் சொல்வதும், 108 ஊர்தியை அழைப்பதும் அதுவே. புயலறிவிப்பு வந்தவுடன் கைப்பேசியையும் பவர் பேங்கையும் முழுமையாக மின்னேற்றி, திரையொளியைக் குறைத்து, இணையத்தை நிறுத்திவைத்தல் அறிவுடைமை. அவ்வளவில் நின்றுவிடுதல் தகுமோ?

10,000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட பவர் பேங்க் ஏறத்தாழ இரு கைப்பேசிகளுக்குப் போதும். ஒன்று நமதாயின், மற்றொன்று அண்டை வீட்டாரதாகட்டும். அன்றாடப் புழங்கு பொருளையும் பிறர்க்குக் கொடாது மறுப்போரைத் திருக்குர்ஆனின் 107ஆம் அத்தியாயமாகிய அல்மாஊன் கண்டிக்கின்றது. அன்று பானையும் வாளியும் அத்தகைய பொருள்கள். இன்று மின்னூட்டமும் அவற்றுள் ஒன்றே.

ஜெனரேட்டர் உள்ள பள்ளிவாசல்களும் கோயில்களும் கல்லூரிகளும் புயல் நாள்களில் நாள்தோறும் ஒரு மணி நேரமேனும், சாதி சமயம் பாராது, கட்டணமின்றி மின்னேற்றம் வழங்க முன்வருதல் வேண்டும். அடுத்த மழைக்காலத்திற்கு முன்னரே பெரியோர் இதற்கு இசைவு தருவார்களாக! மாணவர் முன்னின்று நடத்துவார்களாக!