இலவச இதழின் விலையை யார் தருகிறார்?

மயிலாப்பூர், அடையாறு, தி. நகர் பகுதிகளில் குடியிருப்போருக்கு, வாரந்தோறும் வாசலில் வந்து விழும் சிறிய ஆங்கில ஏடுகள் புதியவை அல்ல. மயிலாப்பூர் டைம்ஸ், அடையாறு டைம்ஸ், மாம்பலம் டைம்ஸ் எனப் பகுதிக்கொரு பெயர். நாம் கேட்டு வாங்குவதில்லை, சந்தா கட்டுவதுமில்லை. ஆயினும் அவை வருகின்றன. மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம் மூடப்படாதது, மாநகராட்சிப் பள்ளியின் ஆண்டு விழா, தெருவிளக்கு எரியாத சந்து எனப் பெரிய நாளேடுகள் எட்டிப் பாராத செய்திகள் அவற்றில் இருக்கும். அச்செய்திகளைச் சுற்றிலும் விளம்பரங்கள்: வாடகை வீடு, டியூஷன், சமையல் கான்ட்ராக்டர், முதியோரைப் பார்த்துக்கொள்ள ஆள், பல் மருத்துவர், ஏ.சி. பழுதுபார்ப்பு. 1994-இல் வின்சென்ட் டிசோசா தொடங்கிய மயிலாப்பூர் டைம்ஸ் இந்த முறையிலேயே முப்பது ஆண்டுகளைக் கடந்திருக்கிறது.

இவ்வேடுகளைப் பற்றி நம் வீடுகளில் என்ன பேசப்படுகிறது? "முழுக்க விளம்பரம்தான், படிக்க ஒன்றுமில்லை" என்று சலித்துக்கொள்வோம். சலித்துக்கொண்டே, மகளுக்குத் தனி வீடு பார்க்க வேண்டியிருப்பதால் வாடகைப் பத்தியை விரலால் தேடிக்கொண்டும் இருப்போம்.

இதே மனநிலையை நம் சமுதாயத்து இலவச வெளியீடுகளிடமும் காட்டுகிறோம் என்பதால்தான் இதை எழுதுகிறோம். ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது பள்ளிவாசல் வாயிலில் கையில் தரப்படும் சிற்றிதழ்கள், மஹல்லா மடல்கள், பெருநாள் மலர்கள் ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டு, பின் அட்டையில் ஒரு நகைக்கடை விளம்பரத்தைக் கண்டதும் முகம் சுளிப்பவர்கள் பலர். "மார்க்கப் பத்திரிகையில் வியாபாரமா?" என்ற கேள்வி எழுகிறது. கேட்பவர் சந்தாதாரரா என்று பார்த்தால் பெரும்பாலும் இல்லை.

ஆனால் ஒரே ஒரு விளம்பரத்தை மட்டும் நாம் யாரும் குறை சொல்வதில்லை. ரமளான் பிறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் சஹர், இஃப்தார் நேர அட்டவணை அச்சிட்ட அட்டை வீடு தேடி வரும். ஒருபுறம் முப்பது நாட்களின் நேரங்கள், மறுபுறம் பிரியாணிக் கடை, பர்தாக் கடை, உம்ரா பயண நிறுவனம், பேரீச்சம்பழ வியாபாரி. அதை குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, மாதம் முழுவதும் நாளுக்கு இருமுறை பார்க்கிறோம். முழுப்பக்க நாளேட்டு விளம்பரம் எதற்கும் கிட்டாத இடம் அது. ஏன் அதன் மேல் நமக்குக் கோபம் வருவதில்லை? அட்டை நமக்குத் தேவைப்படுகிறது; கொடுத்தவர் யார் என்பது அதிலேயே எழுதியிருக்கிறது; அவர் நம் தெருக்காரர்; நேரங்களை மாற்றி எழுதும்படி அவர் கேட்கவும் முடியாது. இந்நான்கும் சேர்ந்தால் விளம்பரம் உறுத்துவதில்லை என்பதே உண்மை. அப்படியானால் நம் எரிச்சல் விளம்பரம் என்ற பொருளின் மேல் அன்று. இவற்றுள் ஏதோ ஒன்று இல்லாமற்போகும் இடத்தின் மேல்தான்.

பத்திரிகை வரலாற்றைப் பார்த்தாலும் விளம்பரம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட நோய் அன்று. தி இந்து நாளேட்டின் முதற்பக்கம் 1958 வரை விளம்பரங்களால் ஆனதாகவே இருந்தது, செய்தி உள்ளேதான். அக்கால வாசகர்கள் அதைப் புரட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். ஆனந்த விகடனை 1928-இல் விலைக்கு வாங்கிய எஸ். எஸ். வாசன் அப்போது விளம்பர முகவராக இருந்தவர். இன்று தீபாவளிக்கும் அட்சய திருதியைக்கும் தி. நகர் ஜவுளிக்கடைகளும் நகைக்கடைகளும் தமிழ் நாளேடுகளின் முதற்பக்கத்தை முழுமையாக மூடிவிடுகின்றன. காசு கொடுத்து வாங்கிய நாளேட்டிலும் விளம்பரம் இருக்கிறது; காரணம், நாம் தரும் விலை அதன் அச்சுச் செலவுக்கே போதாது.

விளம்பரமே இன்றி நடத்த முடியாதா என்றால், முடியும், நடத்தியவர் உண்டு. 1903-இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கப்பட்ட இந்தியன் ஒப்பீனியன் இதழில் தமிழ்ப் பகுதியும் இருந்தது. முதலில் விளம்பரங்களை ஏற்ற அவ்விதழ் பின்னர் அவற்றைக் கைவிட்டது. யங் இந்தியாவிலும் நவஜீவனிலும் தொடக்கத்திலிருந்தே விளம்பரம் ஏற்கவில்லை என்று காந்தியடிகள் தம் வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். இதை மேடையில் எடுத்துச் சொல்பவர்கள், அந்தத் துணிவின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். இந்தியன் ஒப்பீனியனைக் காப்பாற்ற அவர் தம் வழக்குரைஞர் வருவாயைக் கொட்டினார். பிறகு, இதழ் வேண்டுமென்றால் சந்தா தர வேண்டும் என்று வாசகர்களிடம் வெளிப்படையாகவே கேட்டார். அந்த இதழ்களின் விலையை வாசகர்கள் தந்தார்கள்.

மூன்றாவது வழி புரவலர் வழி. எஸ். முத்தையா 1991-இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிங்ஸ், சென்னையின் மரபுக் கட்டடங்களுக்காக இன்றும் குரல் கொடுக்கும் இதழ். அது பெருநிறுவனங்களின் ஆதரவில் நடந்து வந்திருக்கிறது. தமிழ் முஸ்லிம்களுக்கு இந்த வழி அந்நியமானதன்று. சீறாப்புராணம் எழுத உமறுப் புலவருக்குத் துணை நின்றவர் சீதக்காதி. அவருக்குப் பின் ஆதரித்தவர் அபுல் காசிம் மரைக்காயர். அபுல் காசிமின் பெயரைப் புலவர் காவியத்தின் பல இடங்களில் நன்றியோடு பதித்திருக்கிறார். இக்கால அச்சுமொழியில் அதை 'ஆதரவு: இன்னார்' என்று போட்டிருப்பார்கள் போலும். புரவலர் நல்லவராக அமைந்தால் இந்த முறை நிலைக்கும். புரவலர் ஒருவரே என்றால் அவருடைய கோபமும் இதழின் ஆயுளும் ஒன்றோடொன்று கட்டப்பட்டுவிடும்.

பகுதி ஏடுகளின் வலிமை இங்கேதான் இருக்கிறது. நூறு சிறு விளம்பரங்களில் ஓர் ஏ.சி. மெக்கானிக் கோபித்துக்கொண்டு விலகினாலும் ஏடு நிற்காது. அந்த மெக்கானிக் ஏமாற்றினால் அடுத்த வாரமே தெருவுக்குத் தெரிந்துவிடும். ஆனால் ஒரே பெரிய கடை பாதிப் பக்கங்களை வாங்கும்போது நிலை மாறுகிறது. தி. நகரில் விதிமீறிக் கட்டப்பட்ட வணிகக் கட்டடங்களுக்கு 2011 அக்டோபர் இறுதியில் அதிகாரிகள் சீல் வைத்தார்கள். 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் பெரிய ஜவுளிக்கடைக் கட்டடம் ஒன்று தீப்பற்றி எரிந்து, பின்னர் இடிக்கப்பட்டது. ஊரே வந்து துணி எடுக்கும் அந்தச் சாலையில் அவசர வழிகளும் தீயணைப்பு வண்டி நுழையும் இடமும் இருக்கின்றனவா என்று கேட்பதே ஒரு பகுதி ஏட்டின் முதல் வேலை. அதே சாலையின் கடைகளே அவ்வேட்டுக்குச் சம்பளம் தருபவர்களாகவும் இருக்கும்போது, அக்கேள்வியை எத்தனை உரக்கக் கேட்க முடியும்? எந்த ஏடு வாய்மூடியது என்று நாம் குற்றம் சாட்டவில்லை. அந்தக் கேள்வியைத் தம் ஏட்டிடம் கேட்கும் உரிமை வாசகருக்கு உண்டு என்கிறோம்.

நம் சமுதாய இதழ்களில் ஆபத்து இன்னொரு வடிவில் வருகிறது. 1990-களில் தமிழக நாளேடுகளில் தேக்கு மரத் திட்டம், அதிக வட்டி வைப்பு என்று பக்கம் பக்கமாக விளம்பரங்கள் வந்தன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அனுபவ் நிறுவனம் 1998-இல் வீழ்ந்தபோது ஓய்வூதியப் பணத்தை இழந்தவர்கள் பலர். அக்காலத்து நிதி நிறுவன மோசடிகளை ஒட்டியே முதலீட்டாளர் நலன் காக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1997-இல் வந்திருந்தது. அன்று முஸ்லிம் குடும்பங்களில் பலர், "வட்டி நமக்கு ஹராம்" என்று விலகி நின்றதாலேயே தப்பினர். அந்தக் கதவு வழியே நுழைய முடியாதவர்கள் பின்னர் வேறு கதவைக் கண்டுபிடித்தார்கள். பெங்களூரின் ஐ.எம்.ஏ. நிறுவனத்துக்கு 'ஹலால் முதலீடு' என்ற சொல்லே பெரிய விளம்பரமாக இருந்தது. 2019 ஜூனில் அதன் உரிமையாளர் நாட்டை விட்டு ஓடியபோது பல்லாயிரம் பேர் காவல் துறையிடம் புகாரோடு வரிசையில் நின்றார்கள், பெரும்பாலோர் முஸ்லிம்கள். மகளின் திருமணத்துக்கும் ஹஜ்ஜுக்கும் சேர்த்த பணம் அது.

ஆகவே, ஒரு சமுதாய இதழில் மது விளம்பரமும் சூதாட்ட விளம்பரமும் இல்லை என்பது மட்டும் போதாது. அவற்றை மறுப்பது எளிது, யாரும் கொண்டுவருவதுமில்லை. பச்சை நிறத்தில், பிறை போட்டு, மாதம் இத்தனை சதவீதம் 'இலாபப் பங்கு' என்று வரும் விளம்பரத்தை மறுப்பதுதான் கடினம். அதற்குக் கொஞ்சம் உழைப்பு வேண்டும். பொதுமக்களிடம் பணம் திரட்டும் நிறுவனம் பதிவு பெற்றதா என்பதை ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்தில் பார்க்கலாம். ஹஜ்ஜுக்கு அழைத்துச் செல்லும் தனியார் நிறுவனங்களை மத்திய அரசு பதிவு செய்கிறது. அந்தப் பட்டியலில் விளம்பரதாரர் பெயர் இருக்கிறதா என்று ஆசிரியர் ஒருமுறை சரிபார்த்தால் எத்தனையோ குடும்பங்கள் காப்பாற்றப்படும்.

விளம்பரத்தைச் செய்தி போல வேடமிட்டு வெளியிடுவது இதைவிடப் பெரிய கேடு. சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபி (ஸல்) அவர்கள் அடியில் ஈரத்தைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி இதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கேட்டு, ஏமாற்றுபவரைக் கண்டித்த நிகழ்ச்சி சஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மழையில் நனைந்தது அவ்வணிகரின் குற்றமன்று, மறைத்ததே குற்றம். பயண நிறுவன உரிமையாளரின் 'சிறப்பு நேர்காணல்' பணம் பெற்று வெளியிடப்பட்டதென்றால், மேலே 'விளம்பரம்' என்ற ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் போதும், ஈரம் மேலே வந்துவிடும். செய்தியும் விளம்பரமும் தெளிவாகப் பிரித்துக் காட்டப்பட வேண்டும் என்பது இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறியும்கூட.

ஆசிரியரிடம் இவ்வளவு கேட்கும் நாம், நம் பங்குக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுக்கு, மாத இதழ் ஒன்று ஐயாயிரம் பிரதி அச்சிடுகிறது, பிரதிக்குப் பத்து ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். மாதம் 50,000 ரூபாய். சந்தேகத்துக்குரிய ஒரு முதலீட்டு நிறுவனம் பின் அட்டைக்கு 15,000 தருகிறேன் என்கிறது. "மறுத்துவிடுங்கள்" என்று நாம் சொல்கிறோம், சரிதான். அந்தப் பதினைந்தாயிரம் எங்கிருந்து வரும்? 300 குடும்பங்கள் மாதம் 50 ரூபாய் தந்தால் வரும். மைலாப்பூர் கச்சேரி சாலைப் பள்ளிவாசலிலோ திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலிலோ ஒரு ஜும்ஆவுக்குக் கூடும் கூட்டத்தை நினைத்தால் 300 என்பது பெரிய எண் அன்று. ஐம்பது ரூபாய்க்கு இன்று தேநீர்க் கடையில் இருவர் சமோசா சாப்பிட்டு எழுந்திருப்பதே அரிது. ஆனால் சந்தா ரசீதுப் புத்தகத்தோடு நிற்கும் இளைஞரைக் கண்டால் நம்மில் பலர் மற்ற வாயில் வழியே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுகிறோம்.

தர முடியாதவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இதழ் இலவசமாக இருக்கிறது, அது அப்படியே இருக்க வேண்டும். தர முடிந்தவர் தராமல், விளம்பரமும் கூடாது என்பதுதான் ஏற்கத்தக்கதன்று. அவர் கேட்பதன் பொருள், வேறொருவர் தம் சொந்தப் பணத்தில் அச்சிட்டுத் தமக்குக் கொண்டுவந்து தர வேண்டும் என்பதே. சில ஆண்டுகள் அப்படிச் செய்யும் ஆர்வலர்கள் கிடைப்பார்கள். பிறகு களைத்துப்போவார்கள், இதழ் நின்றுவிடும், "நல்ல இதழாக இருந்தது, ஏனோ நின்றுவிட்டது" என்று நாம் வருந்துவோம்.

இதழாசிரியர்களிடம் நாம் வைக்கும் வேண்டுகோள் சிறியதுதான். எவ்வகை விளம்பரங்களை ஏற்பதில்லை என்பதை ஒரு பெட்டிச் செய்தியாக ஒவ்வோர் இதழிலும் வெளியிடுங்கள். ஆண்டுக்கொரு முறை வரவு செலவையும் போடுங்கள். விளம்பரத்திலிருந்து எவ்வளவு, சந்தாவிலிருந்து எவ்வளவு, நன்கொடை எவ்வளவு என்று தெரியட்டும். மஹல்லா ஜமாஅத்துகள் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது போலத்தான் இதுவும். முடிந்தவரை சிறு விளம்பரங்களைத் தேடுங்கள். நம் பகுதித் தையல்காரர், வீட்டிலிருந்தே இடியாப்பம் செய்து தரும் சகோதரி, அரபி வகுப்பு நடத்தும் உஸ்தாத் ஆகியோருக்கு இருநூறு ரூபாயில் ஒரு கட்டம் கொடுங்கள். அந்தக் கட்டங்களை நம் வீட்டுப் பெண்கள் செய்திகளுக்கு முன்பே படிப்பார்கள்.

ரமளான் சிறப்பிதழ்களுக்கான விளம்பரம் திரட்டும் வேலை ரஜப் மாதத்திலேயே தொடங்கிவிடும். பின் அட்டையை யாருக்குக் கொடுப்பது என்ற பேச்சு அப்போது நடக்கும். அந்தப் பேச்சு முடிவதற்குள், ரசீதுப் புத்தகம் வைத்திருக்கும் இளைஞரை நாமே தேடிப் போய்ப் பார்த்துவிட வேண்டும்.