எர்த் என்பது வெறும் மூன்று கோடுகளா?

பழைய அம்பாசிடரில் நான்கு கியர் பெட்டியை அகற்றிவிட்டு இசுசு ஐந்து கியர் பெட்டியைப் பொருத்துவோர் உண்டு. அதன்பின் சில வண்டிகளில் செல்ஃப் மோட்டார் மந்தமாகச் சுழலும். சோக் கேபிள் சுடும். உடனே பேட்டரியையும் மோட்டாரையும் மாற்றிப் பணம் இழப்பது வழக்கமாகிவிட்டது.

எஞ்சினும் கியர் பெட்டியும் ரப்பர் தாங்கிகளின்மேல் அமர்ந்தவை. வண்டியின் உடலோடு அவற்றை மின்வழி இணைப்பது ஒரு செம்புப் பின்னல் பட்டை. அதைத் திரும்பப் பூட்ட மறந்தாலோ, பெயிண்டைச் சுரண்டாமல் பூட்டினாலோ, நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டம் மெல்லிய கேபிள்கள் வழியே திரும்ப முயலும், தீப்பிடிக்கவும் கூடும். திருவனந்தபுரத்தின் உப்புக்காற்று இணைப்புகளை மேலும் அரிக்கும். செல்ஃப் சுழலும்போது பேட்டரியின் எர்த் முனைக்கும் எஞ்சினுக்கும் இடையே மல்டிமீட்டர் 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், குறை திரும்பும் பாதையில்தான்.

நம் பொறியியல் வகுப்புகளில் எர்த் என்பது சுற்றுப்படத்தின் அடியில் வரையும் மூன்று கோடுகள், தடையற்ற பூஜ்ஜியம். மெக்கானிக்குக்கோ அது துருப்பிடிக்கும் ஒரு போல்ட். இந்த இரண்டாம் அறிவுக்கு நம் பாடத்திட்டம் மதிப்பெண் தருவதில்லை. ஆய்வகத் தேர்வில் சரியான சுற்றை அமைக்கச் சொல்வதோடு நில்லாமல், பழுதான ஒன்றைத் தந்து காரணத்தை அளந்து காட்டச் சொல்ல வேண்டும்.