பின்னினவரின்ர பேர் எங்க?

'நிற்றி' பின்னல் இதழின் புது இதழ் வந்திட்டுது. 2002இல் ஏமி சிங்கர் ரொறன்ரோவில் தொடங்கிய இலவச இணைய இதழ் இது.

வன்னி வெயிலுக்குக் கம்பளி எதுக்கு எண்டு கேட்பியள். ஏமிக்கே கம்பளி ஒவ்வாது. பருத்தி, பட்டு நூல்களில் பின்னுறதுக்கெண்டே 2007இல் புத்தகம் போட்டவர்.

எங்களுக்குப் பிடிச்சது வேற: அதில் ஒவ்வொரு மாதிரிக்கும் உருவாக்கியவரின் பேர் இருக்கு, பணமும் குடுக்கினம். எங்கட கைப்பணிக் கண்காட்சிகளிலோ அக்காமார் குரோசேயில் பின்னின மேசைவிரிப்பில் பெரும்பாலும் விலைத்துண்டு மட்டும்தான். புதுப் பூவை யோசிச்சுப் பின்னினவரும் வெறும் "சுயதொழில் பயனாளி".

விலைத்துண்டில் பேரையும் எழுதுங்கோ. மாதிரியைக் குறியீடுகளால் வரைஞ்சு வையுங்கோ. நீள்வட்டம் போட்டால் சங்கிலித்தையல் எண்டு யப்பானிலும் விளங்கும். பேரில்லாத வேலையை மலிவாகத்தான் கேட்பினம்.