விரல்களுக்கும் தமிழ் கற்பிப்போம்

இம்மலரில் இடம்பெறும் மாணவர் கட்டுரைகளுட் பெரும்பாலானவற்றைக் கணினியில் ஏற்றித் தந்தவர்கள் பெற்றோரே என்பதைச் சற்று நாணத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது. கையால் அழகுற எழுதும் பிள்ளைகள்கூடக் கணினியின் முன் அமர்ந்ததும் தமிழை ஆங்கில எழுத்துகளில் தட்டி, திரையில் தோன்றும் சொற்களுள் ஒன்றைத் தெரிவுசெய்கின்றனர். எந்த லகரம், எந்த னகரம் என்று பிள்ளை எண்ணிப் பார்ப்பதேயில்லை. சென்ற தவணையில் ஒரு மாணவி, தான் 'பல்லிக்கு'ச் சென்று தமிழ் படிப்பதாக எழுதியிருந்தாள்.

நான்காம் வகுப்பு முதலே தமிழ்99 விசைப்பலகையை நாம் கற்பித்தல் வேண்டும். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு இது. உயிரெழுத்துகள் இடப்புறத்திலும் மெய்கள் பெரும்பாலும் வலப்புறத்திலும் உள்ளன. விரல்கள் இயல்பாகத் தங்கும் நடுவரிசையில் ஒருபுறம் அ, இ, உ; மறுபுறம் க, ப, ம, த, ந. 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கு விசைகள் போதும். புள்ளி தானாக விழும். 247 எழுத்துகளுக்கும் 247 விசைகளோ என்று அஞ்ச வேண்டியதில்லை! விண்டோஸ், மாக் கணினிகளில் இது உள்ளமைந்தே வருவதால் செலவுமில்லை.

முதல் மூன்று வாரங்கள் வேதனைதான். பழைய வழியில் ஒரு நிமிடத்தில் முடியும் வரி, இதில் ஐந்து நிமிடம் இழுக்கும். பிள்ளை பழைய வழிக்கே ஓடப் பார்க்கும். கிழமைக்கொருமுறை ஒரு மணிநேரம் பயில்வதிலும் வீட்டில் நாள்தோறும் பத்து நிமிடம் பயில்வதே பயன் தரும். ஆறு நாள் இடைவெளியில் விரல்கள் யாவற்றையும் மறந்துவிடுகின்றன. என் வகுப்பில், கைகளின்மேல் ஒரு துவாயைப் போர்த்திவிட்டுத் தட்டச் செய்தேன். முதலில் சிரிப்பு, பின்னர் சிணுங்கல். தவணை முடிவில் எழுவருள் ஐவர் விசைகளைப் பாராமலே தட்டினர். மற்றை இருவரும் வீட்டில் பயிலாதவர்கள்.

பேசினாற் கைபேசியே எழுதித் தருகிறதே எனச் சில பெற்றோர் வினவுகின்றனர். தருகிறதுதான். அது எழுதியதிற் பிழை இருப்பின் அதைக் கண்டு திருத்துபவர் யார்?

அடுத்த மலருக்கான ஆக்கங்களைப் பிள்ளைகளே தட்டித் தரட்டும். இரண்டு கிழமை தாமதமானாலும் மலர்க்குழு பொறுத்துக்கொள்ளும்.