வாயிற்காவலனின் ஏடு

ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய கற்பிட்டிக் கோட்டை இன்று கடற்படையின் பொறுப்பில் உள்ளது. அனுமதி பெற்றோரே உட்புகலாம். மதில் எத்துணை வலிதாயினும், வாயிலில் ஆளறிந்து விடுவதே காவல்.

கோப்புகளை அனுப்பவும் பெறவும் உதவும் எப்.டி.பி. கணினிக்கும் இதுவே நியதி. இம்முறைக்கு 1971இல் முதல் விதிகளை வகுத்தவர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அபய் பூஷண்.

இங்கே காவலனின் ஏடு இருவகைப்படும்: விலக்கப்பட்டோர் பட்டியல் ஒன்று, அனுமதிக்கப்பட்டோர் பட்டியல் மற்றொன்று. யூனிக்ஸ் கணினிகளில் உள்ள 'எப்டிபியூசர்ஸ்' என்னும் கோப்பு முதல்வகை. அதில் பெயர் எழுதப்பட்டவர் உள்நுழைய இயலாது. 'ரூட்' எனும் தலைமைக் கணக்கை அதில் எழுதிவைப்பது வழக்கம். ஏன்? பழைய எப்.டி.பி. முறையில் கடவுச்சொல் மறைக்கப்படாமலே செல்லும்; இடையில் ஒட்டுக்கேட்பவன் கையில் கணினி முழுவதுமே சிக்கிவிடும்.

இரண்டில் சிறந்தது எது? மறதியே உரைகல். விலக்குப் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டால், புகத்தகாதவன் ஓசையின்றிப் புகுவான். அனுமதிப் பட்டியலில் விடுபட்டால், நம்மவன் ஒருவன் வாயிலில் நின்று குரல் கொடுப்பான். முன்னது கேடு விளைந்தபின் தெரியும். பின்னது அப்பொழுதே தெரியும்.

பணியிலிருந்து விலகியோரின் கணக்குகள் இன்னும் ஏட்டில் உளவோ என்று அலுவலகங்கள் அவ்வப்போது புரட்டிப் பார்த்தல் நன்று.