வாங்குவோர் அறியும் மொழியில் பேசுவோம்

நெய்வேலித் திட்டம் பல தேசத்தாரின் கூட்டுறவால் உருவானது என்பதை நம் அங்கத்தினர்கள் அறிவார்கள். 1957-ஆம் ஆண்டு மே மாதத்தில் நேரு அவர்கள் சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார்கள். மண்ணை வெட்டும் இராட்சதச் சக்கர யந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கிய முதல் அனல் மின் நிலையம் சோவியத் ருஷ்யாவின் உதவியால் எழுந்தது. அந்நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றுவிட்டது; அது கற்பித்த பாடம் ஓய்வு பெறவில்லை. மொழி வேறான மக்கள் கூடித் தொழில் செய்ய வேண்டுமானால், அளவும் வரைபடமும் எழுத்து மூலமான விவரமும் இருதரப்பாருக்கும் ஒரே பொருளைத் தர வேண்டும் என்பதே அப்பாடம்.

பெரிய ஆலைக்குப் பொருந்தும் இவ்வுண்மை நம் தறிக்கும் தோட்டத்துக்கும் பொருந்தாதா? குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்கிறோம். பண்ருட்டியில் முந்திரி உடைக்கிறோம். இவற்றை வாங்குவோர் நம் ஊரைக் கண்டவர்கள் அல்லர். நாம் சொல்லாமல் விட்டதை அவர்கள் ஊகித்துக்கொள்ளவும் முடியாது.

இதற்குச் சென்னைக் கட்டத் துணியின் வரலாற்றைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. 1958-இல் அமெரிக்க வியாபாரி வில்லியம் ஜேக்கப்சன் என்பவர், பிற்காலத்தில் லீலா ஓட்டல்களை நிறுவிய கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் இத்துணியை வாங்கினார். இதைக் குளிர்ந்த நீரில் மென்மையாக அலச வேண்டும், இல்லையேல் சாயம் இறங்கும் என்று வாங்கியவருக்குச் சொல்லப்பட்டதாம். ஆனால் அந்த எச்சரிக்கை, துணியை வாங்கிச் சட்டையாக்கி விற்ற புரூக்ஸ் பிரதர்ஸ் கடையாருக்கு எட்டவில்லை. சட்டை வாங்கியவர்கள் வழக்கம்போல் யந்திரத்தில் துவைத்தார்கள்; சாயம் ஓடிற்று; புகார்கள் குவிந்தன. பின்னர் சாயம் இறங்குவதே இத்துணியின் இயல்பு, ஒவ்வொரு சலவையிலும் புது நிறம் பெறும் என்று விளம்பரம் செய்தார்கள். குறை என்று திருப்பியனுப்பிய துணியையே ஜனங்கள் தேடி வாங்கினார்கள்.

இதைச் சாமர்த்தியமான விளம்பரக் கதையாக மட்டும் கொள்வது தவறு. துணி ஒன்றே, நெசவும் சாயமும் மாறவில்லை. அதன் இயல்பை அறியாமல் வாங்கியவன் ஏமாந்தான். அறிந்து வாங்கியவன் மகிழ்ந்தான். எல்லாச் சரக்குக்கும் இத்தகைய அதிர்ஷ்டம் வாய்க்காது. சரக்குத் திரும்பினால் முதலில் நிற்பது தறி. குறைவது நெசவாளியின் கூலி.

வாங்குவோரின் வழக்கத்தை நாமும் அறிய வேண்டும். நைஜீரியாவின் கலபாரி மக்கள் நம் சென்னைக் கட்டத் துணியை ‘இஞ்சிரி’ என்று அழைத்துப் பிறப்பு, இறப்புச் சடங்குகளில் போற்றி வந்திருக்கிறார்கள். நாம் நெய்த இழைகளிற் சிலவற்றை அறுத்து உருவி, அத்துணியிலேயே புதிய கோலங்களை அமைப்பார்கள். அவர்களுக்குக் கட்டத்தின் அளவும் நிறமும் பரம்பரைச் செல்வம். “நூல் கிடைக்கவில்லை; சற்றே நிறம் மாற்றினோம், என்ன குற்றம்?” என்று நாம் கேட்பது அங்கே செல்லுமா?

முந்திரி வியாபாரம் இவ்வகையில் முன்னேறியிருக்கிறது. ‘டபிள்யூ 320’ என்றால் ஒரு பவுண்டு எடைக்கு 300 முதல் 320 வரை முழு வெள்ளைப் பருப்புகள் என்பது பண்ருட்டிக்கும் தெரியும், அமெரிக்காவுக்கும் தெரியும். “நல்ல பருப்பு, பெரிய பருப்பு” என்ற பேச்சால் எழும் சச்சரவை ஓர் எண் தீர்த்துவிடுகிறது.

“இதெல்லாம் ஏற்றுமதியாளர் வேலை, நாம் நெய்து கொடுத்தால் போதாதா?” என்று சில அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். சாயத்தின் குணத்தை அறிந்தவர் நெசவாளர், ஏற்றுமதியாளர் அல்லர். மேலே சொன்ன வரலாற்றில் செய்தி அறுந்தது நடுவிலேதான். ஆகவே அது சரக்கோடு சேர்ந்தே பயணம் செய்ய வேண்டும்.

இதற்குச் சங்கங்கள் பெருஞ்செலவு செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு துணியிலும் சலவை முறையைப் படத்துடன் காட்டும் சீட்டு இருக்கட்டும். ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டில் ஒரு பாதி சங்கத்திலும் மறுபாதி வாங்குவோரிடமும் இருக்கட்டும். தேதி எழுதும்போது மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதுங்கள். 5-6 என்றால் நமக்கு ஜூன் ஐந்து. அமெரிக்கருக்கு மே ஆறு. ஒரு மாதத் தாமதம் ஒரு சிறு கோட்டில் ஒளிந்திருக்கிறது! ‘லட்சம்’ என்பதையும் நூறாயிரம் என்று விளக்குங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. முகம் கோணக்கூடாது என்பதற்காக, முடியாததற்கும் “சரி, பார்க்கலாம்” என்று தலையசைப்பது நம் பண்பு. நம்மவருக்கு அதன் உட்பொருள் விளங்கும். அயல்நாட்டாரோ அதை உறுதிமொழியாகவே கொள்வார். நம் தலையசைப்பை மறுப்பென்று கருதுவோரும் உண்டு. “இத்தனை தறி, இத்தனை நாள், இதற்கு மேல் இயலாது” என்று முதலிலேயே சொல்வது மரியாதைக் குறைவன்று, அதுவே நாணயம்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே ஒவ்வொரு சங்கமும் இதை ஆலோசித்து, படித்த இளம் அங்கத்தினர் ஒருவரை இப்பணிக்கு நியமிக்குமாறு வேண்டுகிறேன்.